ஒருநாளும் தாமதமாகாத பேருந்து

ஒரு நாகரிகத்தின் உயரத்தை அதன் மாடங்களும் கோபுரங்களும் சொல்வதில்லை. கார் வைத்திருப்பவன் அதை வீட்டில் நிறுத்திவிட்டு, முன்பின் தெரியாத மனிதனோடு ஒரே இருக்கையில் தோள் உரச அமரும் அந்தப் புனிதக் கணமே சொல்லும்.

இந்த வாக்கியம் போக்குவரத்துக் கழகத்தின் 'சாவியை வையுங்கள், சீட்டில் அமருங்கள்' திட்டக் கையேட்டின் முதல் பக்கத்தில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு பேருந்தின் வண்ணப்படம். எங்கிருந்து எடுத்த படமோ, அதன் கதவு நம் சாலைக்கு நேர்மாறான பக்கத்தில் இருந்தது. படத்தை நம்பி ஏறப்போகிறவர் நடுரோட்டில் நின்று எதிரே வரும் லாரியிடம் வழி கேட்க வேண்டியிருக்கும். நாலாயிரம் பிரதி அச்சாகிவிட்டபடியால் இதை யாரும் கவனிக்கவில்லை என்று முடிவு செய்யப்பட்டது.

திட்டத்தை வகுத்தவர் இணை இயக்குநர். எதையும் 'கொள்கை அளவில்' என்று தொடங்கி, தொடங்கிய இடத்திலேயே முடிப்பவர். திட்டம் எளிமையானது. கார் இல்லாவிட்டால் கால் தரையில் பாவாத முப்பது பேரைப் பிடிக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை அவர்களைப் பேருந்தில் வேலைக்குப் போகவைக்க வேண்டும். ஐந்து நாளும் போய்விட்டால் அவர்கள் மாறிவிட்டார்கள் என்று அறிவித்துவிடலாம். இதற்குக் கழகத்திடம் உள்ள ஆகச்சிறந்த பேருந்து எதுவோ அதைக் காட்டியாக வேண்டும். அது எது என்று கண்டுபிடிக்கும் வேலை அட்டவணைப் பிரிவுக்கு வந்தது.

அட்டவணைப் பிரிவு என்பது மூன்று மேசை, ஒரு மின்விசிறி, ஒரு எழுத்தர். மற்ற இருவரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். அவர்களுடைய மேசைகள் பணியில் தொடர்ந்தன. மிஞ்சிய எழுத்தர் ஒன்பது வருடமாகத் தற்காலிகம். அவளை எல்லாரும் 'டைம்டேபிள்' என்றே கூப்பிட்டார்கள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பணி நிரந்தரமானால் ஊழியர் குடியிருப்பில் ஓர் அறையும் சமையல் மூலையும் கிடைக்கும். உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு கிடைக்கும். இப்போது அவள் இருந்தது அக்கா வீட்டில், துணி தேய்க்கும் மேசைக்கும் அத்தானின் உடற்பயிற்சி சைக்கிளுக்கும் நடுவில். அந்தச் சைக்கிளை யாரும் மிதித்ததாகத் தகவல் இல்லை. ஆனால் அதன்மேல் காயும் துண்டை எடுக்க அத்தான் தினமும் காலையில் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துபோவார்.

"முப்பது பேரு, அஞ்சு நாளு. முடிச்சுக் குடு. ஒன்னோட ஃபைல்ல அன்னிக்கே கையெழுத்து" என்றார் இணை இயக்குநர்.

அவள் இருநூற்றுப் பன்னிரண்டு பேருந்துகளின் மூன்று வருடத் தாமதப் பதிவேடுகளைப் புரட்டினாள். ஒவ்வொன்றும் ஒரு சோகக் கதை. டயர், மழை, ஊர்வலம், ஓட்டுநருக்கு வயிற்று வலி. ஒரே ஒரு பேருந்தின் பக்கங்கள் மட்டும் பச்சைக் குழந்தையின் மனசு மாதிரி வெள்ளையாக இருந்தன. அட்டவணை எண் பதினேழின் கீழ் நான்கு. காலை எட்டுப் பத்துக்குத் தண்ணீர்த் தொட்டி நிறுத்தம். மூன்று வருடத்தில் ஒரு நிமிடத் தாமதம் இல்லை, ஒரு புகார் இல்லை.

அதைவிட ஆச்சரியம், தண்ணீர்த் தொட்டி நிறுத்தம் அக்கா வீடு இருக்கும் அடுக்குமாடிக்கு எதிரிலேயே இருந்தது. எட்டுப் பத்துக்கு அவள் அங்கே ஒருநாளும் நின்றதில்லை. அந்நேரத்துக்கு அவள் இரண்டு தெரு தள்ளிப் போய், கழகத்தின் ஊழியர் வண்டியில் ஏறி வேலைக்குக் கிளம்பியிருப்பாள். பக்கத்திலேயே இவ்வளவு ஒழுக்கமான ஒரு பேருந்து ஓடிக்கொண்டிருந்தும் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அன்று மாலை அத்தானிடம் போனாள். அத்தான் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணுக்குப் போடும் கண்ணாடி. கடை கழகத்தின் தலைமை அலுவலகத்துக்கு நாலு கட்டடம் தள்ளி. அடுக்குமாடிச் சங்கத்துக்கும் அவரே செயலாளர்.

"அத்தான், ஒரு உதவி."

"காரைத் தவிர எது வேணாலும் கேளு."

"காரைப் பத்தித்தான். எனக்கு வேணாம். வீட்ல நின்னா போதும்."

விஷயத்தைச் சொன்னாள். அத்தான் அவளைப் பார்த்த பார்வையில், சிறுநீரகத்தைக் கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பார் என்று தெரிந்தது.

"நான் எதிர்க் கடைக்கே கார்ல போறவன்."

"ஆமா, அதுக்கு அரைக் கிலோமீட்டர் போய்த் திரும்பி வேற வருவாரு" என்றாள் அக்கா, தலை நிமிராமல். "இதுல ஒரு பெருமை."

"நடந்து போனா சட்டை கசங்கும்."

"சட்டை கசங்காது. நீங்கதான் கசங்குவீங்க."

அவள் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். "முப்பது பேர் சேந்தா எனக்கு நிரந்தரம் ஆயிடும் அத்தான். குவார்ட்டர்ஸ் குடுத்துருவாங்க. ரூமைக் காலி பண்ணிடுவேன்."

அத்தான் சைக்கிள் இருந்த திசையைப் பார்த்தார்.

"முப்பது போதுமா? நாப்பது பிடிக்கட்டுமா?"

மூன்றே நாளில் பிடித்துவிட்டார். ஒரு பல் மருத்துவர், இரண்டு வங்கி மேலாளர்கள், ஒரு பாட்டு டீச்சர், நிலம் வாங்கி விற்பவர் ஒருவர், இன்னும் பலர். தினமும் ஒரே லிஃப்டில் இறங்கி, முப்பது காரில் ஏறி, ஒரே சாலையில் ஒருவரை ஒருவர் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போகிறவர்கள். அவர்களுக்குச் சங்கக் கூடத்தில் அத்தான் ஒத்திகைகூட வைத்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டு, ஜன்னல் திரைக் கம்பியைப் பிடித்து நிற்கக் கற்றுக்கொடுத்தார். பல் மருத்துவர், பேருந்தில் ஏசியை யார் கூட்டிக் குறைப்பது என்று கேட்டார். அதைப் பயணிகள் சேர்ந்து பேசி முடிவெடுக்கலாம் என்று அத்தான் ஒரு யூகத்தில் சொல்லிவைத்தார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் முப்பது பேர், பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு நின்றார்கள். அவளும் அன்றைக்கு வழக்கமான ஊழியர் வண்டியை விட்டுவிட்டு அவர்களோடு நின்றாள். அத்தான் புதிதாகத் தோள்பை வாங்கியிருந்தார். உள்ளே எதுவும் இல்லை.

எட்டுப் பத்துக்கு மிகச் சரியாக ஒரு பேருந்து வளைவில் திரும்பியது. முப்பது பேரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். நெற்றியில் 'சிறப்பு' என்று பலகை மாட்டியிருந்த அது, வேகத்தைக் குறைக்காமல் அவர்களைக் கடந்து போனது. ஜன்னல் வழியாக இரண்டு பேர் அவளைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவளும் அசைத்தாள்.

"இது என்ன வண்டி?" என்றார் அத்தான்.

"இது எங்க ஸ்டாஃப் வண்டி அத்தான். நம்ம வண்டி பின்னால வருது."

பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்தது. அப்புறம் ஒரு ஆட்டோ வந்தது. எட்டரை மணிக்கு அவள் பணிமனைக்குப் போன் செய்தாள்.

"எட்டுப் பத்தா? எப்பவோ கடந்தாச்சேம்மா" என்றார் அங்கிருந்த நேரக் காப்பாளர். "தண்ணித் தொட்டி எட்டுப் பத்து. கரெக்டா போட்டிருக்கேன்."

"வரவே இல்லீங்களே."

"அது எப்படி வராம இருக்கும்? இங்க டிக் போட்டிருக்கே."

அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் சும்மா நின்றாள். எடுத்தால் முப்பது பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"பஸ் வரலேங்கறதை வீட்ல இருந்தே தெரிஞ்சுக்கிட்டிருக்கலாம்" என்றார் நிலம் விற்பவர். "இதுக்கு எதுக்குக் குளிச்சிட்டு வரணும்?"

"என் பேஷண்ட் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருப்பாரு" என்றார் பல் மருத்துவர்.

எட்டு ஐம்பதுக்கு நிறுத்தத்தில் அவள் மட்டும் இருந்தாள். முப்பது கார்கள் ஒவ்வொன்றாக அவளைக் கடந்து போயின. ஒருசிலர் இரக்கப்பட்டு ஹாரன் அடித்தார்கள். அவள் ஒன்பது ஐந்து வண்டிக்குக் காத்திருந்து, அது ஒன்பது இருபத்தைந்துக்கு வர, அலுவலகம் போய்ச் சேரும்போது தாமதக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. தற்காலிகப் பணியாளர்கள் ஒரே வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வந்தால் பணித் தொடர்ச்சி முறிந்துவிடும். அவளுக்கு அது ஒன்பது வருடத் தொடர்ச்சி.

செவ்வாய்க்கிழமை ஊழியர் வண்டியில் ஏறியதும் நேராக ஓட்டுநரிடம் போனாள்.

"அண்ணே, பதினேழின் கீழ் நாலு எந்த வண்டின்னு தெரியுமா? எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேனாவா? ஓட்டிக்கிட்டிருக்கேன்."

"எப்ப?"

"இப்ப."

சட்டைப் பையிலிருந்து பணிச் சீட்டை எடுத்து, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் பின்னால் நீட்டினார். பதினேழின் கீழ் நான்கு. தண்ணீர்த் தொட்டி எட்டுப் பத்து. "மூணு வருஷத்துக்கு முன்னால ஸ்டாஃப் வண்டி பழுதாச்சுல்ல. ஒரு வாரத்துக்கு இதை எடுத்துக்கச் சொன்னாங்க. அந்த வாரம் இன்னும் முடியல."

"அப்ப டிக்கெட்டே இல்லாம ஒரு வண்டி ஓடுதுன்னு யாரும் கேக்கலியா?"

"டிக்கெட்னா வருமானப் பிரிவும்மா. அது அஞ்சாவது மாடி. நேரம் ரெண்டாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யல."

வண்டியில் பேச்சு நின்றிருந்தது. கடைசி இருக்கையில் மதியத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த பண்டகசாலை அம்மாகூடக் கத்தியை நிறுத்தினார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசு டைம்டேபிள்" என்றார். "நல்லா ஓடற வண்டி."

அவள் இணை இயக்குநரின் அறைக்குப் போனாள். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவர் ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுக் காரில் வருகிற ஆள் இல்லை. அவரும் பேருந்தில்தான் வந்தார். அந்தப் பேருந்தில்தான் வந்தார். முதல் இருக்கை, ஜன்னலோரம்.

"எட்டுப் பத்து ஓடலேன்னு யாரும்மா சொன்னது?"

"ஓடுது சார். நம்மள ஏத்திக்கிட்டு ஓடுது."

அவர் யோசித்தார். "அப்ப ஓடுதுல்ல?"

"ஓடுது சார்."

"தாமதம்?"

"இல்ல சார்."

"பயணிகள்?"

"நாப்பத்தாறு பேர்."

"பாத்தியா. கொள்கை அளவில ஒரு குறையும் இல்லியே."

"அந்த முப்பது பேர் ஏற முடியல சார்."

"ஏன் ஏற முடியல?"

"நம்ம உக்காந்திருக்கோம் சார்."

இணை இயக்குநர் மேசைமேல் இருந்த காகித எடையை இடம் மாற்றிவைத்தார். "வண்டியைத் திருப்பிக் குடுத்தா ஸ்டாஃப் எப்படி வருவாங்க? ஸ்டாஃப் வரலேன்னா இந்தத் திட்டத்தை யாரு நடத்தறது? அதையும் யோசிக்கணும்ல."

"இன்னொரு வண்டி கேட்டா..."

"எட்டுப் பத்துக்குத்தான் வண்டி குடுத்தாச்சே. ஓடற வண்டிக்கு எதுக்கு இன்னொரு வண்டின்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அவள் முகத்தைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய். முப்பது வேணாம். ஒருத்தர். ஒரே ஒரு கார்க்காரர் எட்டுப் பத்துல ஏறிட்டா கொள்கை அளவில தொடங்கிட்டோம்னு எழுதிடலாம். ஒன் ஃபைலை நான் பாத்துக்கறேன்."

மாலை திரும்பும்போது ஓட்டுநரிடம் கெஞ்சினாள். நாளைக்குத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு நிமிடம் நிறுத்த முடியுமா?

"தாராளமா. நிறுத்தம்னுதான் சீட்ல போட்டிருக்கு. மூணு வருஷமா நிறுத்தாமப் போனதுக்குத்தான் என்னைக் கேக்கணும்."

புதன்கிழமை வண்டி தண்ணீர்த் தொட்டியில் நின்றது. நிறுத்தத்தில் அத்தான் மட்டும் இருந்தார், வெறும் தோள்பையோடு. மற்ற இருபத்தொன்பது பேரும் அவரவர் காருக்குத் திரும்பிவிட்டார்கள். அத்தானுக்கும் நப்பாசை எதுவும் இல்லை. ஆனால் அறை காலியாக வேண்டும் என்கிற உறுதி இருந்தது. ஏறினார். சுற்றிலும் பார்த்தார். நாற்பத்தாறு இருக்கையிலும் ஆள் இருந்தார்கள்.

"இது ஸ்டாஃப் வண்டிங்க" என்றார் பண்டகசாலை அம்மா.

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா" என்றார் ஓட்டுநர். "சட்டப்படி பாத்தா இந்த வண்டில ஏற வேண்டியவர் இவர் ஒருத்தர்தான். மத்தவங்கதான் யாருன்னு கேக்கணும்."

யாரும் கேட்கவில்லை. கேட்டால் எங்கே போய் முடியும் என்று வண்டி முழுவதற்கும் தெரிந்திருந்தது.

"நான் நிக்கறேன்" என்றார் அத்தான். ஒத்திகை பார்த்தவர் ஆயிற்றே. கம்பியைச் சரியாகவே பிடித்தார்.

"நிக்கக் கூடாது." ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினார். நின்றுகொண்டு பயணிக்க அனுமதி இல்லை. ஊழியர் சங்கம் போராடி வாங்கிய பலகை அது. "யாராவது எந்திரிச்சா வண்டியை எடுத்துடுவேன்."

வண்டியில் நாற்பத்தைந்து பேர் நிரந்தரம். ஒருத்தி தற்காலிகம். அவர்கள் அவளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். முதல் இருக்கையிலிருந்து இணை இயக்குநர் பாதி திரும்பினார்.

"ஒன்னோட திட்டம்தானேம்மா."

அவள் எழுந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, அத்தானுக்கு வழிவிட்டு, படியிறங்கினாள். அத்தான் சங்கடத்தோடு, "நீ எப்படி வருவே?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் வண்டி போய்விட்டது. அவள் ஒன்பது ஐந்துக்காகக் காத்திருந்து, இரண்டாவது தாமதக் கையெழுத்தைப் போட்டாள்.

மாலையில் அத்தான் வேறு ஆளாக வீட்டுக்கு வந்தார்.

"என்ன மனுஷங்க தெரியுமா? அந்தப் பண்டகசாலை அம்மாவுக்கு ரெண்டு கண்ணும் ரெண்டு நம்பர். பதினஞ்சு வருஷமா ஒரே கண்ணாடி. காயை நறுக்கறாங்களா விரலை நறுக்கறாங்களான்னே தெரியாம நறுக்கிட்டிருக்காங்க. ஓட்டுநருக்கும் கொஞ்சம் இருக்கு, அதை நான் வெளியில சொல்லல. அந்த வண்டில யாருமே கண்ணைச் சோதிச்சதில்ல." எழுத்து அட்டை, அளவு நாடா, நாலைந்து பிரேம் எல்லாவற்றையும் எடுத்துத் தோள்பையில் வைத்தார். பை முதல்முறையாகப் பை மாதிரி இருந்தது.

"நாளைக்கும் போவீங்களா?" என்றாள் அவள்.

"அஞ்சு நாளும்னு ஒத்துக்கிட்டிருக்கேன்ல."

"அத்தான், அது என்னோட சீட்டு."

"ஒனக்காகத்தானே போறேன்" என்றார் அத்தான், உண்மையிலேயே புண்பட்டு.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவர் ஏறினால்தான் அவள் கோப்பு நகரும். அவர் ஏறினால் அவளுக்கு இடமில்லை. வியாழக்கிழமையும் தாமதமானால் ஒன்பது வருடமும் போச்சு. மூன்றையும் அவள் ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேருந்துகளை ஒன்றோடொன்று இடிக்காமல் ஓட்டும் அட்டவணை போட்டவளுக்கு இந்த மூன்றையும் ஒரே காலையில் பொருத்த முடியவில்லை.

"கார் சும்மாதானே நிக்குது" என்றாள் அக்கா.

இருவரும் அக்காவைப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே ஓட்டுநர் உரிமம் வாங்கியவள் அவள். அந்தப் பன்னிரண்டு வருடமும் அத்தான், 'கிளட்சு கொஞ்சம் மக்கர் பண்ணுது, சரி பண்ணிட்டுத் தர்றேன்' என்று சொல்லிவந்தார்.

"கிளட்சு..." என்று தொடங்கினார் அத்தான்.

"நீங்க காலைல பஸ்ஸைப் பிடிக்கணும், போய்ப் படுங்க" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை மாலை இணை இயக்குநர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். முகம் மலர்ந்திருந்தது. புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தார், எடுப்பாகவே இருந்தது.

"மூணு நாள் தொடர்ந்து வந்திருக்காரும்மா. மனுஷன் மாறிட்டாரு. கொள்கை அளவில இது பெரிய வெற்றி."

"ஃபைல் சார்?"

"அதுலதான் ஒரு சின்ன விஷயம்." ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். புதன்கிழமைத் தாமதப் பதிவேட்டின் நகல். பதினேழின் கீழ் நான்கு, தண்ணீர்த் தொட்டி, இரண்டு நிமிடத் தாமதம். "மூணு வருஷத்துல முதல் தாமதம். மாதிரிப் பேருந்துன்னு மேல எழுதிட்டோம். ஏன் தாமதம்னு கேட்டிருக்காங்க. அட்டவணைப் பிரிவுதான் விளக்கம் தரணும்."

"அவரை ஏத்தறதுக்காக நின்னதுதான் சார்."

"அது எனக்குத் தெரியும். ஆனா எழுத முடியாதுல்ல. ஏத்தறதுக்கு நின்னா தாமதம் ஆகும்னு எழுதினா, இத்தனை நாளா யாரையும் ஏத்தலியான்னு கேப்பாங்க." அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். "வேற மாதிரி ஏதாவது எழுதிக் குடு. விளக்கம் ஏத்துக்கற வரைக்கும் ஃபைல்ல கை வைக்க முடியாது."

அவள் எழுதினாள். டயர் என்று எழுதிப் பார்த்தாள். டயர்ப் பிரிவு மறுத்தது. ஊர்வலம் என்று எழுதினாள். அன்று ஊர்வலம் இல்லை என்று சான்று வந்தது. ஏழாவது விளக்கம் இப்போது மேலே போயிருக்கிறது.

அத்தான் எட்டுப் பத்தை ஒருநாளும் தவறவிடுவதில்லை. நாற்பத்தைந்து பேரில் இருபத்தெட்டு பேர் அவர் கடைக் கண்ணாடிதான் போட்டிருக்கிறார்கள். அவருடைய இருக்கையில் வேறு யாரும் உட்காருவதில்லை.

போன மாதம், ஊழியர்கள் எப்படி அலுவலகம் வருகிறார்கள் என்று பிரிவுவாரியாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அட்டவணைப் பிரிவின் படிவத்தை அவள்தான் நிரப்பினாள். காரில் வருபவர்: ஒருவர்.